அண்ணன் கேட்கும் கையெழுத்து: சொத்தில் பெண்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தாத்தாவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்த அந்த வாரமே பெரியம்மாவை ஆட்டோவில் ஏற்றிச் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு அழைத்துப் போனார்கள். “பட்டா மாத்தணும்க்கா, சும்மா ஒரு கையெழுத்துதான்” என்றார் மாமா. போட்டோ எடுத்தார்கள், கைரேகை வைத்தார்கள், அரை மணி நேரத்தில் வேலை முடிந்தது. அது விடுதலைப் பத்திரம், தன் பங்கையே எழுதிக் கொடுத்துவிட்டோம் என்று பெரியம்மாவுக்குத் தெரிய வந்தபோது வருடங்கள் ஓடியிருந்தன.

நம் ஊரில் பெண்கள் சொத்தை இழப்பது பெரும்பாலும் இப்படித்தான். துக்க வீட்டில் எந்தப் பத்திரத்திலும் கையெழுத்துப் போடாதீர்கள். தலைப்பில் ‘விடுதலை’ என்றோ ‘பொது அதிகாரம்’ (உங்கள் சார்பில் சொத்து விஷயங்களைச் செய்ய இன்னொருவருக்கு அதிகாரம் கொடுப்பது) என்றோ இருக்கிறதா என்று பாருங்கள். நகலை வாங்கி வந்து, அண்ணன் கூட்டி வராத ஒரு வக்கீலிடம் காட்டுங்கள். பதிவான பத்திரத்தை ஏமாற்றி வாங்கினார்கள் என்று ரத்து செய்யக் கேட்டால், விஷயம் தெரிந்த நாளிலிருந்து 3 ஆண்டுக்குள் நீதிமன்றம் போக வேண்டும். நிரூபிப்பதும் எளிதல்ல.

“கையெழுத்துப் போடவில்லை என்றால் பிறந்த வீட்டு வாசலை மிதிக்க முடியாதே” என்ற பயம் எனக்கும் புரிகிறது. ஆனால் பங்கைக் கேட்டதற்காக அறுந்து போகும் உறவுக்கு அந்தப் பெண் மட்டும் ஏன் விலை கொடுக்க வேண்டும்?

அடுத்த தவறு, “நகை போட்டுக் கட்டிக் கொடுத்தாச்சு, இனி பங்கு கிடையாது” என்பதை நம்புவது. சீர் செய்ததால் பங்கு போய்விடாது. இந்துக் குடும்பங்களில், அப்பா தானே சம்பாதித்த சொத்துக்கு உயில் எழுதாமல் இறந்தால், 1956 இந்து வாரிசுரிமைச் சட்டப்படியே மகளுக்கும் மகனுக்கும் சம பங்கு. பூர்வீகச் சொத்தில் தமிழ்நாடு 1989-லேயே மகள்களுக்கு உரிமை கொடுத்தது, ஆனால் அதற்கு முன் கல்யாணமானவர்களை விட்டுவிட்டது. 2005 மத்தியச் சட்டத் திருத்தம் அந்த வேறுபாட்டை நீக்கியது. அப்பா 2005-க்கு முன்பே இறந்திருந்தாலும் இந்த உரிமை உண்டு என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. 2004 டிசம்பர் 20-க்கு முன்பே முறையாக விற்ற, பாகம் பிரித்த சொத்தை மட்டும் இந்தத் திருத்தத்தைக் காட்டிக் கிளற முடியாது.

பட்டா அண்ணன் பெயருக்கு மாறிவிட்டதே என்று ஒதுங்கிவிடுவதும் தவறுதான். பட்டா வருவாய்த் துறை ஆவணம், அது மட்டுமே உங்கள் பங்கை அழித்துவிடாது. வாரிசுச் சான்றிதழில் உங்கள் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். சொத்தின் மேல் பதிவான விற்பனை, அடமானம் போன்றவற்றைக் காட்டும் வில்லங்கச் சான்றை இணையத்திலேயே பார்க்கலாம். அப்புறம், “பங்கு கிடையாது” என்று முகத்துக்கு நேரே சொன்ன பிறகும் சும்மா இருக்காதீர்கள், பாகப் பிரிவினை வழக்குக்கும் காலக்கெடு உண்டு.

சரி, உங்கள் பெயரிலேயே வீடு இருக்கிறதா? 2025 ஏப்ரல் முதல் 10 லட்சம் ரூபாய் வரை மதிப்புள்ள சொத்தைப் பெண் பெயரில் பதிந்தால் தமிழ்நாட்டில் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைவு. அதற்காகவே மனைவி பெயரில் வாங்குபவர்களும் உண்டு. பத்திரம் பீரோவில் இருக்கும், சாவி கணவரிடம் இருக்கும். மூலப் பத்திரத்தை நீங்களே ஒருமுறை எடுத்துப் படியுங்கள். அதன் பேரில் கடன் வாங்கியிருக்கிறார்களா, எவ்வளவு, யார் கட்டுகிறார்கள் என்று இன்றைக்கே கேளுங்கள்.