தோடர் குடிசையை ப்ளெண்டரில் செய்வோம்: சப்டிவிஷன் சர்ஃபேஸ் முதல் பாடம்

ஊட்டி தாவரவியல் பூங்காவின் மேல்பகுதியில் இருக்கிற தோடர் பழங்குடியினரின் குடியிருப்பான மந்துக்கு ஏறிப் போனவர்கள் அந்தக் குடிசையைப் பார்த்திருப்பார்கள். தரையிலிருந்து எழும்பி வளைந்து மறுபக்கம் தரைக்கே இறங்கும் புல் கூரை, முன்னால் தட்டையான சுவர், குனிந்து நுழையும் அளவுக்கு ஒரு சின்ன வாசல். கோத்தகிரியில் என்னிடம் ப்ளெண்டர் என்ற முப்பரிமாண வடிவமைப்பு மென்பொருளைப் பழக வரும் பிள்ளைகளுக்கு சப்டிவிஷனை இந்தக் குடிசையை வைத்துத்தான் சொல்லிக் கொடுக்கிறேன். வழவழப்பான வளைவும் கறாரான மூலையும் ஒரே பொருளில் இருக்கின்றன, ஆரம்பத்தில் எல்லாரும் திணறுவது இந்த இரண்டையும் சேர்த்து வைப்பதில்தான்.

முதலில் சப்டிவிஷன் என்ன செய்கிறது என்று பார்த்துவிடுவோம். நாம் கொடுப்பது சில புள்ளிகள் மட்டுமே உள்ள ஒரு கூண்டு. கணினி அந்தக் கூண்டின் ஒவ்வொரு நாற்கர முகத்தையும் நான்காகப் பிரித்து, புள்ளிகளை அக்கம்பக்கத்துப் புள்ளிகளின் சராசரியை நோக்கி நகர்த்துகிறது, அப்புறம் மறுபடி பிரிக்கிறது, மறுபடி நகர்த்துகிறது. எட்வின் கேட்மல், ஜிம் கிளார்க் இருவரும் 1978-இல் வெளியிட்ட முறை இது. இன்றைக்கும் ப்ளெண்டர், மாயா, த்ரீடிஎஸ் மேக்ஸ் எல்லாவற்றிலும் அதுதான் ஓடுகிறது. அனிமேஷன் பட நிறுவனமான பிக்சார் தன் சப்டிவிஷன் நிரலை ஓபன்சப்டிவ் என்ற பெயரில் 2012-இல் எல்லாருக்கும் திறந்துவிட்டது, ப்ளெண்டர் உள்ளே பயன்படுத்துவதும் அதைத்தான்.

சராசரி எடுப்பதால் வடிவம் பொதுவாகக் கூண்டுக்கு உள்ளே சுருங்கும். இதை மறந்தால் அளவு எதுவும் சரியாக வராது.

படி 1: கூண்டு

புதுக் கோப்பைத் திறந்தால் நடுவில் நிற்கும் கனசதுரமே போதும். தோடர் குடிசை வழக்கமாக ஏறக்குறைய 3 மீட்டர் உயரம், 5.5 மீட்டர் நீளம், 2.7 மீட்டர் அகலம் இருக்கும். விசைப்பலகையில் 'என்' (N) விசையை அழுத்தி, வலப்பக்கம் வரும் பலகத்தில் டைமென்ஷன்ஸ் என்ற இடத்தில் எக்ஸ் 2.7, ஒய் 5.5, இசட் 3.13 என்று கொடுங்கள். உயரம் ஏன் 3.13? நாம் செய்யப்போகும் வளைவின் உச்சி கூண்டு உயரத்தில் 48-க்கு 46 பங்கில் நிற்கும், அதாவது 3 மீட்டர் கொடுத்தால் 2.88-தான் கிடைக்கும், அதனால் சுருங்குவதையும் சேர்த்தே கொடுத்துவிடுகிறோம். பிறகு கன்ட்ரோல் + ஏ அழுத்தி ஸ்கேல் என்பதைத் தேர்ந்தெடுங்கள். இதைத் தாண்டிப் போகாதீர்கள், இல்லாவிட்டால் பின்னால் இன்செட் (முகத்துக்குள்ளே ஒரு சிறு முகம்) செய்யும்போது ஒரு பக்கம் தடிப்பாகவும் ஒரு பக்கம் ஒல்லியாகவும் வரும்.

படி 2: அடிமுகம் வேண்டாம்

டேப் அழுத்தி எடிட் மோடுக்குப் போய், 3 அழுத்தி, அடிப்பக்க முகத்தைத் தேர்ந்தெடுத்து, எக்ஸ் அழுத்தி ஃபேஸஸ் என்று நீக்கிவிடுங்கள். மீண்டும் டேப், அப்புறம் கன்ட்ரோல் + 2. கூண்டை மாற்றாமல் அதன் மேல் வேலை செய்யும் சப்டிவிஷன் மாடிஃபயர் இரண்டாம் நிலையில், அதாவது இருமுறை பிரிக்கும்படி, சேர்ந்துவிடும். இப்போது திரையில் இருப்பது முட்டையைப் பாதியாக வெட்டிக் கவிழ்த்தது போன்ற ஒரு உருவம். பயப்பட வேண்டாம், எங்கே கூர்மை வேண்டும் என்று நாம் இன்னும் சொல்லவே இல்லை.

படி 3: க்ரீஸ், இந்தப் பாடத்தின் உயிர் இங்கேதான்

எடிட் மோடில் 2 அழுத்தி எட்ஜ் தேர்வுக்கு வாருங்கள். முன்பக்கத்தில் இரண்டு செங்குத்து விளிம்பு, மேல் விளிம்பு ஒன்று, பின்பக்கத்திலும் அதே மூன்று, ஆக ஆறு விளிம்புகளை ஷிஃப்ட் பிடித்துக்கொண்டு தேர்ந்தெடுங்கள். ஷிஃப்ட் + ஈ அழுத்தி, 1 என்று தட்டி, என்டர். விளிம்பு எவ்வளவு கூர்மை என்று சொல்லும் இந்த அளவுதான் க்ரீஸ்.

குடிசை நின்றுவிட்டது! முன்சுவர் தட்டை, கூரை வளைவு, தரையில் நான்கு மூலைகளும் அசையாமல் இருக்கின்றன. ஆறு விளிம்புக்கு எப்படி இவ்வளவு நடந்தது என்று கொஞ்சம் நின்று யோசியுங்கள், இது புரிந்தால் மீதி எல்லாம் தானாக வரும். ஒரு புள்ளியில் இரண்டு கூர்விளிம்புகள் மட்டும் சந்தித்தால், அந்தப் புள்ளி மூலையாகாது, கோடு அதன் வழியாக வளைந்து போகும். மூன்று சந்தித்தால் மூலையாகிவிடும், புள்ளி இருந்த இடத்திலேயே நிற்கும். மேலே இருக்கும் புள்ளிகளில் இரண்டுதான் க்ரீஸ், அதனால் அங்கே வளைவு. கீழே ஒரு க்ரீஸோடு இரண்டு திறந்த விளிம்புகள் சேர்கின்றன, முகம் இல்லாத பக்கத்து விளிம்பை மென்பொருள் கூர்விளிம்பாகவே கணக்கில் எடுக்கும், ஆக மூன்று. அடிமுகத்தை நீக்கியது இதற்காகத்தான்.

க்ரீஸ் மதிப்பு 0-க்கும் 1-க்கும் நடுவிலும் இருக்கலாம். 0.6 போலக் கொடுத்தால் விளிம்பு லேசாக உருண்டு போகும், புல் கூரையின் ஓரத்துக்கு எனக்குப் பிடித்தது அதுதான். இந்த அரைக்கூர்மை முறையை பிக்சாரின் டோனி டிரோஸ், மைக்கேல் காஸ், டியென் ட்ரூவாங் மூவரும் 1998-இல் ஒரு கட்டுரையில் விளக்கினார்கள்.

படி 4: வாசல்

நிஜக் குடிசையில் வாசல் ஏறக்குறைய 90 சென்டிமீட்டர் அகலம், 90 உயரம்தான். இதற்கு லூப் கட் (முகங்களைச் சுற்றி ஓடும் வெட்டு) போடத்தான் முதலில் கை போகும், போடாதீர்கள். கன்ட்ரோல் + ஆர் அழுத்தி முன்சுவரில் போடும் செங்குத்து வெட்டு சுவரோடு நிற்காது, கூரை மேலேறிப் பின்சுவர் வரை ஓடும், வளைவின் உச்சியில் புதுப் புள்ளிகளை வைத்து அதைத் தட்டையாக்கிவிடும். சப்டிவிஷனில் தேவையில்லாத ஒவ்வொரு வெட்டும் வடிவத்தைக் கெடுக்கும்.

அதற்குப் பதில் முன்முகத்தைத் தேர்ந்தெடுத்து ஐ அழுத்தி இன்செட் செய்யுங்கள். உள்ளே வரும் சிறு முகத்தை எஸ், எக்ஸ் என்றும் எஸ், இசட் என்றும் அழுத்தி வாசல் அளவுக்குக் கொண்டுவந்து, ஜி, இசட் அழுத்தித் தரைக்கு அருகே இறக்குங்கள். பிறகு ஈ அழுத்தி 20 சென்டிமீட்டர் அளவுக்கு உள்நோக்கி எக்ஸ்ட்ரூட் செய்யுங்கள், அதாவது அந்த முகத்தை உள்ளே தள்ளுங்கள்.

வாசல் வட்டமாகத் தெரியும். வெளிச்சட்டத்தின் நான்கு விளிம்புக்கு க்ரீஸ் கொடுத்தாலும் வட்டமாகவே இருக்கும், ஏனென்றால் ஒவ்வொரு மூலையிலும் இரண்டே கூர்விளிம்புகள். உள்ளே போகும் நான்கு ஆழ விளிம்புகளுக்கும் உள்சட்டத்துக்கும் சேர்த்து 1 கொடுங்கள், சதுரமாகிவிடும். அதே மூன்று விளிம்புக் கணக்கு.

படி 5: நிலையும் நிழலும்

இப்போது நம் கூண்டில் 13 முகங்கள். ஒவ்வொரு நிலைக்கும் நான்கு மடங்கு: இரண்டாம் நிலையில் 208, மூன்றாவதில் 832, ஆறாவதில் 53,248. குடிசைக்கு 3 தாராளம். பழைய லேப்டாப் என்றால் மாடிஃபயரில் வியூபோர்ட் (வேலை செய்யும் திரை) 1, ரெண்டர் (இறுதிப் படம்) 3 என்று வையுங்கள். ஆப்ஜெக்ட் மோடில் வலது சொடுக்கி ஷேட் ஆட்டோ ஸ்மூத் கொடுங்கள், வெறும் ஷேட் ஸ்மூத் கொடுத்தால் க்ரீஸ் ஓரங்களில் அழுக்கு மாதிரி நிழல் படியும்.

எங்காவது சுருக்கமோ குழியோ தெரிந்தால் இரண்டு விஷயங்களைப் பாருங்கள். ஒரே இடத்தில் இரண்டு புள்ளிகள் இருக்கலாம், எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து எம் அழுத்தி பை டிஸ்டன்ஸ் கொடுத்தால் சேர்ந்துவிடும். முகங்கள் உள்வெளியாகத் திரும்பியிருக்கலாம், அதற்கு ஷிஃப்ட் + என். முக்கோணங்களைப் பற்றி நிறைய மிரட்டுவார்கள். தட்டையான கல்சுவரில் முக்கோணம் இருந்தால் ஒன்றும் ஆகாது, வளைந்த கூரையில் இருந்தால்தான் வெளிச்சம் வழுக்கும்போது முடிச்சு தெரியும்.

மாயாவில் இதையே கூண்டைத் தேர்ந்தெடுத்து 3 அழுத்திப் பார்க்கலாம், 1 அழுத்தினால் பழையபடி கூண்டு. கேம் எஞ்சினுக்கு அனுப்புவதானால் மாடிஃபயரை அப்ளை செய்த பிரதியை அனுப்புங்கள், கூண்டை மட்டும் தனியே சேமித்து வையுங்கள்.

ஒரு வேண்டுகோள். மாதிரிக்குப் படம் எடுக்க மந்துக்குப் போனால் அங்கிருப்பவர்களிடம் கேட்டுவிட்டு எடுங்கள். தோடர்களில் பெரும்பாலோர் இப்போது சாதாரண வீடுகளில்தான் வசிக்கிறார்கள், இந்த வளைவுக் கூரையோடு நிற்பவற்றில் பல அவர்களுடைய கோயில்கள், உள்ளே நாம் போகக் கூடாது. வெளியே நின்று முன்சுவர், பக்கவாட்டு என்று இரண்டு படம் கிடைத்தாலே வேலைக்குப் போதும்.

அடுத்ததாகச் செய்து பார்க்க முத்தநாடு மந்தில் இருக்கும் கூம்பு வடிவக் கோயில் நல்லது. 8 புள்ளி வட்டத்தில் தொடங்கி மேலே எக்ஸ்ட்ரூட் செய்து குறுக்கிக்கொண்டே போங்கள். உச்சியில் எல்லாவற்றையும் ஒரே புள்ளியில் சேர்க்காமல், சின்னதாக ஒரு வட்டத்தை விட்டு அதை கிரிட் ஃபில் கொண்டு நாற்கரங்களால் மூடுங்கள், உச்சியில் சுருக்கம் விழாமல் வரும்.