ஊரடங்கில் மளிகைக் கடைக்குப் போகப் பயமா? கொஞ்சம் கொஞ்சமாகப் பழகும் முறை

2020 ஏப்ரல் 25, சனிக்கிழமை. கொரோனா பரவிக்கொண்டிருந்த நேரம். மறுநாள் தொடங்கி நான்கு நாளைக்குச் சென்னை, கோவை, மதுரையில் முழு ஊரடங்கு என்று முந்தைய நாள்தான் அறிவித்திருந்தார்கள். மளிகைக் கடையும் திறக்காது. விருகம்பாக்கத்தில் எங்கள் தெரு முனைக் கடை வாசலில், இடைவெளிக்காகப் போட்டிருந்த சாக்பீஸ் வட்டங்கள் காலடி பட்டே அழிந்து போயிருந்தன. ஒருவர் தோளுக்கு மேல் இன்னொருவர் கையை நீட்டிப் பருப்பு கேட்டுக்கொண்டிருந்தார்கள். நான் மஞ்சள் பையைப் பிடித்துக்கொண்டு எதிர் ஓரத்தில் கால் மணி நேரம் நின்றேன். உள்ளங்கை வியர்த்தது, நெஞ்சு அடித்துக்கொண்டது, காது அடைத்த மாதிரி இருந்தது. வீட்டில் அம்மா, சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர். வெறும் பையோடு திரும்பி வந்துவிட்டேன். அந்த நான்கு நாளும் மேல் வீட்டு அக்கா கொடுத்த பருப்பில்தான் ஓடியது.

அதற்கப்புறம் ஒரு மாதம் நான் கடைப் பக்கமே போகவில்லை. தொற்று பரவியதால் மே 5ஆம் தேதி கோயம்பேடு சந்தையை மூடி, காய்கறி வியாபாரத்தைத் திருமழிசைக்கு மாற்றினார்கள். எங்களுக்குக் கோயம்பேடு கூப்பிடு தூரம். அந்தச் செய்தியோடு என் பயம் இன்னும் இறுகிப் போனது. தள்ளிப்போட்ட ஒவ்வொரு வாரமும் கடை இன்னும் தூரமாகப் போனது.

மீண்டு வரும்போது ஒரு நோட்டில் எழுதி வைத்தவைதான் கீழே இருப்பவை, பிறகு தெரிய வந்த விஷயங்களையும் சேர்த்திருக்கிறேன். இனி எப்போதாவது ஊரடங்கு வந்தால் உதவும். புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர்கள், சிறுநீரக மாற்று செய்துகொண்டவர்கள் வீட்டில் ஊரடங்கு இன்னமும் முடியவில்லை. அவர்களையும் நினைத்துத்தான் எழுதுகிறேன்.

தொடங்கும் முன்

காய்ச்சல், இருமல், தொண்டை வலி இருந்தால் போக வேண்டாம். வீட்டில் ஒருவருக்குத் தொற்று என்றாலும் வேண்டாம், பக்கத்து வீட்டாரிடம் பட்டியலைக் கொடுத்துவிடுங்கள். வீட்டில் யார் போவது என்பதையும் முதலிலேயே முடிவு செய்யுங்கள். இருப்பவர்களில் உடல்நலம் நன்றாக இருக்கும் ஒருவர், எப்போதும் அவரே. ஆளுக்கு ஒரு நாள் போனால் வெளியே போய் வந்தவர்களின் எண்ணிக்கைதான் கூடும்.

படி 1: பயத்தை இரண்டாகப் பிரியுங்கள்

ஒரு தாளின் நடுவில் கோடு போடுங்கள். இடது பக்கம் கிருமி செய்யக்கூடியவை: கூட்டத்தில் மூச்சுக் காற்று வழியாகத் தொற்றலாம், அது அம்மாவுக்குப் போகலாம். வலது பக்கம் உங்கள் உடம்பு செய்கிறவை: படபடப்பு, மூச்சு முட்டுவது, கால் நடுங்குவது, ஓடிவிடத் தோன்றுவது.

இந்த இரண்டுக்கும் மருந்து வேறு வேறு. இடது பக்கத்துக்குத் தேவை ஏற்பாடு: நேரம், கடை, முகக்கவசம். வலது பக்கத்துக்குத் தேவை பழக்கம். நான் செய்த தவறு, வலது பக்கத்துக்கு இடது பக்க மருந்தைக் கொடுத்தது. படபடப்பு வரும்போதெல்லாம் கை கழுவினேன். படபடப்பு போகவில்லை, கை தோல்தான் உரிந்தது.

"பயப்படாதே" என்று சொல்கிறவர்கள் இரண்டையும் ஒன்றாகப் போட்டுவிடுகிறார்கள். இடது பக்கம் இருப்பது நியாயமான பயம், அதை மதிக்க வேண்டும்.

படி 2: பட்டியல்

கடைக்குப் போகும் தடவைகளைக் குறைப்பதுதான் முதல் பாதுகாப்பு. பதினைந்து நாளைக்கு ஒரு முறை என்று வைத்துக்கொள்ளுங்கள். நான்கு பேர் இருக்கும் வீட்டுக்கு என் கணக்கு இது: அரிசி 10 கிலோ, துவரம் பருப்பு 2 கிலோ, உளுந்து ஒன்றரைக் கிலோ, சமையல் எண்ணெய் 2 லிட்டர், சர்க்கரை 1 கிலோ, புளி அரைக் கிலோ, டீத்தூள் கால் கிலோ. உங்கள் வீட்டு வழக்கப்படி கூட்டிக் குறைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மாதத்துக்கு வாங்கிக் குவிக்க வேண்டாம். அடுத்து நிற்பவருக்கும் பருப்பு வேண்டும்.

காய்களைக் கெடும் வரிசையில் எழுதுங்கள். கீரை முதல் இரண்டு நாள், வெண்டையும் தக்காளியும் முதல் வாரம், முட்டைக்கோசும் கேரட்டும் அடுத்து, பூசணி, சேனை, உருளை, வெங்காயம் கடைசியில். அதற்கும் பிறகு இருக்கவே இருக்கிறது சுண்டைக்காய் வற்றல்.

பட்டியலை வாட்ஸ்அப்பில் கடைக்காரருக்கு முன்னாலேயே அனுப்பிவிட முடிந்தால் பாதி வேலை முடிந்தது. அவர் கட்டி வைத்திருப்பார், நீங்கள் நிற்பது ஐந்தே நிமிடம்.

படி 3: எந்தக் கடை, எத்தனை மணிக்கு

பயம் வந்தால் மனசு பெரிய கடையைத்தான் தேடும். பளபளவென்று இருக்கும், வாசலில் கையில் சானிடைசர் ஊற்றுவார்கள், சுத்தமாகத் தோன்றும். ஆனால் இந்தக் கிருமி அதிகமும் பரவுவது காற்றில். கதவை மூடி ஏசி போட்ட இடத்தில், பிறர் விட்ட மூச்சு அங்கேயே சுற்றிக்கொண்டிருக்கும். தெருவைப் பார்த்துத் திறந்திருக்கும் அண்ணாச்சிக் கடையில் நீங்கள் நிற்பது வெட்டவெளி. கொஞ்சம் தள்ளி நின்றால் போதும். சுத்தமாகத் தெரிவது வேறு, காற்றோட்டம் வேறு. எனக்கு இது புரியவே பல மாதம் ஆனது.

நேரத்தைக் கடைக்காரரிடமே கேளுங்கள். 2020 ஏப்ரலில் கடைகள் காலை 6 மணி முதல் பகல் 1 மணி வரைதான். திறந்த உடனே போனால் கூட்டம் இருக்காது என்று நான் நினைத்திருந்தேன். போன் செய்து கேட்டதும் அண்ணாச்சி சொன்னார்: "ஆறு மணிக்கு வராதீங்கம்மா, அப்பத்தான் எல்லாரும் வருவாங்க. பன்னெண்டுக்கு மேலயும் வேண்டாம், மூடப் போறாங்கன்னு ஓடி வருவாங்க. பத்தரைக்கு வாங்க, நானும் என் தராசும்தான் இருப்போம்."

பத்தரை மணி வெயிலுக்குப் பயந்துதான் யாரும் வருவதில்லை. நான் குடையை எடுத்துக்கொண்டு போனேன். குடை விரித்தால் யாரும் ரொம்ப நெருங்கவும் மாட்டார்கள்.

படி 4: முகக்கவசத்தை வீட்டிலேயே போட்டுப் பழகுங்கள்

முதலில் பொருத்தம். மூக்கின் மேல் உள்ள கம்பியை இரு விரலால் அழுத்துங்கள். கண்ணாடி அணிபவர் என்றால் சுலபமான சோதனை ஒன்று உண்டு: கண்ணாடியில் ஆவி படிந்தால் மேல் பக்கம் காற்று கசிகிறது. கிடைத்தால் என் 95, இல்லையென்றால் மூன்றடுக்கு முகக்கவசம். துணிக்கவசம் ஒன்றுமில்லாததற்குப் பரவாயில்லை.

அப்புறம் பழக்கம். கவசம் போட்டால் முகம் சூடாகும், மூச்சு கனமாகத் தெரியும். அதையே முதல் முறை கடை வாசலில் உணர்ந்தால், "மூச்சு முட்டுகிறது, மயக்கம் வருகிறது" என்று உடம்பு அலறிவிடும். அதனால் வீட்டில் இருபது நிமிடம் போட்டுக்கொண்டு வேலை பாருங்கள். நான் வெங்காயம் உரித்தேன், தோசைக்கு மாவு கரைத்தேன். மூன்றாம் நாள் கவசம் போட்டிருப்பதே மறந்துவிட்டது. பிறகு கடையில் முகம் சூடானபோது, இது கவசத்தின் வேலை என்று அடையாளம் தெரிந்தது.

படி 5: படிக்கட்டு போல ஏறுங்கள்

இதுதான் முக்கியமான படி. நேரடியாகப் பதினைந்து நாள் சாமானோடு தொடங்காதீர்கள்.

முதல் நாள் கேட் வரை. கவசத்தோடு ஐந்து நிமிடம் நின்றுவிட்டு வாருங்கள். அடுத்த நாள் கடை தெரியும் தூரம் வரை நடந்து, எதிர் ஓரத்தில் நில்லுங்கள், எதுவும் வாங்க வேண்டாம். அதற்கடுத்து ஒரே ஒரு பொருள், கறிவேப்பிலையோ தீப்பெட்டியோ. பிறகு ஐந்து பொருள். அப்புறம்தான் முழுப் பட்டியல். ஒரு படியில் பயம் பத்துக்கு எவ்வளவு என்று நோட்டில் எழுதுங்கள். ஐந்துக்குக் கீழே வந்தால் அடுத்த படி, இல்லையென்றால் அதே படியை மறுநாளும் செய்யுங்கள். தொடக்கத்தில் அடிக்கடி வெளியே போகிறோமே என்று தோன்றும். வெட்டவெளியில், ஆளில்லாத நேரத்தில், யாரோடும் நெருங்காமல் நின்று வருவதில் ஆபத்து மிகக் குறைவு.

ஒரே நிபந்தனை: பயம் உச்சத்தில் இருக்கும்போது திரும்பி ஓடாதீர்கள். கூட்டம் வந்து நெருங்கினால் தள்ளிப் போங்கள், அது இடது பக்கக் கணக்கு. ஆனால் யாருமே இல்லாதபோதும் நெஞ்சு அடித்துக்கொள்கிறதா, அங்கேயே நில்லுங்கள். படபடப்பு பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் உச்சிக்குப் போய், பிறகு தானே இறங்கத் தொடங்கும். உச்சியில் ஓடிவிட்டால், ஓடியதால்தான் பிழைத்தோம் என்று உடம்பு நினைத்துக்கொள்ளும், அடுத்த முறை இன்னும் சீக்கிரம் ஓடச் சொல்லும். ஏப்ரல் 25க்குப் பிறகு எனக்கு நடந்தது அதுதான். இறங்குகிற வரை நின்றால், அது இறங்கும் என்பதை உடம்பு கற்றுக்கொள்ளும்.

நிற்கும்போது மூச்சை நான்கு எண்ணும் வரை இழுத்து, ஆறு எண்ணும் வரை மெல்ல விடுங்கள். விடும் மூச்சுதான் நீளமாக இருக்க வேண்டும். கண்ணுக்கு ஒரு வேலை கொடுங்கள்: அட்டையில் எழுதிப் போட்ட விலைகளைப் படிக்கலாம், தொங்கும் வாழைத்தாரில் சீப்புகளை எண்ணலாம்.

நெஞ்சில் வலியோ அழுத்தமோ வந்து தோள், கை, தாடைக்குப் பரவினால், அதைப் பயம் என்று நீங்களாக முடிவு செய்ய வேண்டாம். உடனே 108க்கு அழையுங்கள்.

படி 6: கடையில்

யாராவது நெருங்கி வந்தால் என்ன சொல்வது என்பதை முன்பே வாயில் பழகிக்கொள்ளுங்கள். எனக்கு உதவியது இந்த ஒரு வாக்கியம்: "அண்ணே, கொஞ்சம் தள்ளி நில்லுங்க, வீட்டுல வயசானவங்க இருக்காங்க." யாரும் கோபித்துக்கொண்டதில்லை. பெரும்பாலும் "எங்க வீட்டுலயும்தான்" என்று ஒதுங்கினார்கள்.

ஜிபே இருந்தால் நல்லது. இல்லையென்றால் சில்லறையை எண்ணி ஒரு கவரில் போட்டுக் கொண்டுபோங்கள். பட்டியலில் ஒன்றிரண்டு விடுபட்டால் விடுபடட்டும், அதற்காகத் திரும்பப் போய் நிற்க வேண்டாம்.

படி 7: வீட்டுக்கு வந்ததும் செய்ய வேண்டியதும் வேண்டாததும்

சாமானை இறக்கி வைத்துவிட்டு சோப்புப் போட்டு 20 விநாடி கை கழுவுங்கள். இந்தக் கிருமியின் மேலுறை கொழுப்பால் ஆனது, சோப்பு அதைக் கரைத்துவிடும். கவசத்தைக் காதுக் கயிற்றைப் பிடித்துக் கழற்றுங்கள். காய்களைத் தண்ணீரில் அலசுங்கள். காயில் சோப்போ டெட்டாலோ படவே கூடாது, அது வயிற்றுக்குள் போகும். சானிடைசர் பூசிய கையோடு அடுப்புப் பக்கம் போகாதீர்கள், காயும் வரை அது தீப்பிடிக்கும்.

அவ்வளவுதான். இதற்கு மேல் நான் செய்தவற்றையும் சொல்கிறேன், நீங்கள் செய்ய வேண்டாம் என்பதற்காக. ஒவ்வொரு பாக்கெட்டையும் சோப்புத் தண்ணீரில் கழுவினேன். ரவை பாக்கெட்டின் ஒட்டு வழியாகத் தண்ணீர் இறங்கிக் கட்டியாகிவிட்டது. கட்டிகளை விரலால் உதிர்த்து முறத்தில் காயப்போட்டபோது, அதைத் தொட்ட கையையும் மறுபடி கழுவினேன். மளிகைப் பையை மூன்று நாள் பால்கனியில் வைத்தேன். அம்மா அதைத் தாண்டிப் போகும்போதெல்லாம் சத்தம் போட்டேன்.

பிளாஸ்டிக் மேல் கிருமி 72 மணி நேரம் வரை இருக்கும் என்று 2020 மார்ச்சில் வந்த ஆய்வுதான் எங்களையெல்லாம் அப்படிச் செய்ய வைத்தது. அது ஆய்வகத்தில் கிருமியை வைத்து அளந்த கணக்கு. கிருமி பட்ட பொருளைத் தொடுவதால் தொற்று வரும் வாய்ப்பு ஒரு தொடுகைக்குப் பொதுவாகப் பத்தாயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு என்று அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2021 ஏப்ரலில் சொன்னது. பாக்கெட் கழுவிய நேரத்தில் நான் அம்மாவைப் பாதுகாக்கவில்லை, என் படபடப்புக்குத் தீனி போட்டேன். அந்தப் பொழுதை அம்மாவோடு உட்கார்ந்து கழித்திருக்கலாம் என்ற வருத்தம் இன்றும் உண்டு.

படி 8: அடுத்த சில நாட்கள்

கடைக்குப் போய்வந்த இரவுதான் எனக்கு மோசமானது. தொண்டை கரகரக்கிறதா என்று விழுங்கிப் பார்ப்பது, காப்பித்தூள் டப்பாவைத் திறந்து மணம் தெரிகிறதா என்று மோந்து பார்ப்பது. ஒரு நாளைக்கு இருபது தடவை பார்த்தால் எந்தத் தொண்டையும் கரகரக்கும். அறிகுறி வருவதற்கு 2 முதல் 14 நாள் வரை ஆகலாம் என்பார்கள், அந்த இரவே தெரிந்துவிடாது. காலையில் ஒரு முறை மட்டும் பாருங்கள். உண்மையாகவே காய்ச்சல் வந்தால் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

இத்தனை செய்தும் வாரக்கணக்கில் கேட்டைத் தாண்ட முடியவில்லை, தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை என்றால் 14416க்கு அழையுங்கள். அது டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், கட்டணமில்லை, தமிழிலும் பேசலாம். நானும் அப்போது ஒரு ஆலோசகரிடம் போனில் பேசித்தான் ஐந்தாவது படியைக் கற்றேன்.

சாமானை அடுக்கி முடித்த கையோடு, தினசரி காலண்டரில் பதினைந்து நாள் தள்ளி ஒரு வட்டம் போடுங்கள், பத்தரை என்று எழுதுங்கள். அடுத்த பட்டியலுக்கான தாளை அன்றைக்கே ஃபிரிட்ஜில் ஒட்டிவிடுங்கள். நான் முழுப் பட்டியலோடு போய்வந்த அன்று மாலை, அம்மா அதில் முதல் வரியை எழுதிவிட்டார்: கடுகு, 100 கிராம்.