18 வயது தாண்டிய பிள்ளைக்குப் பாதுகாவலர் யார்? வழக்கு வந்தால் செய்ய வேண்டியவை

அப்பா இறந்து மூன்றாம் மாதம் சித்தப்பா மாவட்ட நீதிமன்றத்தில் மனுப் போட்டார். தங்கச்சிக்கு வயது 24. பிறவியிலேயே அறிவு வளர்ச்சிக் குறைபாடு, கூடவே வலிப்பு. அவளையும் அவளுக்கு வரும் பணத்தையும் தானே பார்த்துக்கொள்வதாக மனுவில் எழுதியிருந்தார். "பெத்தவ நான் இருக்கேன், இதுக்கு எதுக்குக் கோர்ட்டு?" என்று அம்மா கேட்டார். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். மஸ்கெலியாப் பக்கம் இதே நிலையில் இன்னும் இரண்டு குடும்பங்கள் இருப்பதால் எழுதிவைக்கிறேன்.

1989ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு நம் இலங்கையில் 18 வயதானவர் பராயமடைந்தவர், அதாவது சட்டப்படி வளர்ந்தவர். அதன் பிறகு பெற்ற தாய்கூடத் தானாகவே சட்டப் பாதுகாவலர் ஆகிவிட மாட்டார். தன் காரியத்தைத் தானே பார்க்க முடியாத மனநிலையில் ஒருவர் இருந்தால், குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக் கோவையின்படி மாவட்ட நீதிமன்றம் விசாரித்து ஆளை நியமிக்கும்.

முதலில் பங்கைக் கணக்குப் போடுங்கள். அப்பா ஈ.பி.எப். (ஊழியர் சேமலாப நிதி) படிவத்தில் யாரையும் நியமிக்கவில்லை. ஆகவே வாரிசுகளுக்குத்தான் பணம். பொதுச் சட்டப்படி பாதி அம்மாவுக்கு, மீதிப் பாதி பிள்ளைகளுக்கு. நாங்கள் இரண்டு பேர் என்பதால் தங்கச்சிக்குக் கால் பங்கு. சண்டை எதற்கு என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

அடுத்து பத்திரங்கள். பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, அப்பாவின் மரணச் சான்றிதழ், கிராம உத்தியோகத்தர் கடிதம், கிளினிக் கொப்பி. தோட்டத்துப் பதிவில் பெயர் ஒரு மாதிரி, அடையாள அட்டையில் வேறு மாதிரி இருக்கும். இரண்டும் ஒரே ஆள்தான் என்று சமாதான நீதவான் முன் சத்தியக்கடதாசி (உண்மை என்று சத்தியம் செய்து கையெழுத்திடும் பத்திரம்) முடித்துவிட்டே சட்டத்தரணியிடம் போங்கள். வசதி இல்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம்.

வைத்திய அறிக்கை. நாங்கள் தடுக்கி விழுந்தது இங்கேதான். முதல் அறிக்கையில் இரண்டே வரி: நிரந்தரக் குறைபாடு, பிறர் உதவி தேவை. அவளுக்கு எதுவுமே தெரியாது, விருப்பம் கேட்கவே வேண்டியதில்லை என்று சித்தப்பா தரப்பு அதையே பிடித்துக்கொண்டது. அடுத்த கிளினிக்குக்கு முன் அம்மா சொல்லச் சொல்ல ஒரு சீ.ஆர். கொப்பியில் எழுதினேன். 20 ரூபாய், 100 ரூபாய் நோட்டைப் பிரித்துச் சொல்வாள். மிச்சக் காசுக் கணக்கு வராது. வலிப்பு மாத்திரையை ஞாபகப்படுத்தினால் போடுவாள், தானாக எடுக்க மாட்டாள். அந்நியர் வந்தால் கதவுக்குப் பின்னால் நிற்பாள். இரண்டு வாரக் குறிப்பைப் படித்த பிறகு மனநல வைத்தியர் ஒரு பக்கத்துக்கு எழுதிக் கொடுத்தார். எது முடியும், எதில் துணை வேண்டும் என்று தனித்தனியாக. போனில் எடுத்த வீடியோவை விட அந்தக் கொப்பியைத்தான் நான் நம்புவேன். திகதி போட்டு எழுதுங்கள்.

ஆட்சேபனை. உடலுக்குப் பாதுகாவலர், அதாவது ஆளைப் பராமரிப்பவர் வேறு, சொத்துக்கு முகாமையாளர் வேறு. இரண்டையும் ஒருவருக்கே கொடுக்க வேண்டும் என்றில்லை. எங்கள் ஆட்சேபனையில் உடலுக்கு அம்மாவையும் சொத்துக்கு என்னையும் கேட்டோம். முகாமையாளர் நீதிமன்றத்துக்குக் கணக்குக் காட்ட வேண்டும். அனுமதியில்லாமல் காணியை விற்கவோ ஈடு வைக்கவோ முடியாது. கணக்குக் காட்டத் தயார் என்று நாங்களே முன்கூட்டிச் சொன்னோம்.

மொழி. சிங்களத்தில் எழுதிய சத்தியக்கடதாசியை வாசித்து விளங்கப்படுத்தாமல் கையெழுத்து வைக்காதீர்கள். அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரைப்படி தமிழிலேயே மனுக் கொடுக்கலாம், மொழிபெயர்ப்பாளரும் அரச செலவில் கிடைப்பார். அதைக் கேட்டு வாங்க வேண்டியது நாம்.

விசாரணை நாளில் நீதிபதி தங்கச்சியிடமே பேசினார். "யாருடைய பராமரிப்பில் இருக்க விரும்புகிறீர்?" என்று மொழிபெயர்த்தார்கள். அவள் கூரையைப் பார்த்தாள். வீட்டில் பேசுகிற மாதிரிக் கேட்க அனுமதிக்கும்படி எங்கள் சட்டத்தரணி எழுந்து கேட்டார். "ராத்திரி யாருகிட்ட தூங்குவ?" "அம்மாகிட்ட." "சித்தப்பா வீட்டுக்குப் போறியா?" அம்மாவின் சேலைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டு தலையை ஆட்டினாள், வேண்டாம் என்று. உங்கள் பிள்ளைக்குப் புரிகிற சொற்களை முதலே எழுதிச் சட்டத்தரணியிடம் கொடுத்துவிடுங்கள்.

நாங்கள் கேட்டபடியே உத்தரவு வந்தது.

பின்சேர்க்கை: கால் நடக்க முடியாத, ஆனால் புத்தி தெளிவான மகனுக்கும் இது வேண்டுமா என்று ஒரு தாய் கேட்டிருந்தார். வேண்டாம் அம்மா. அவர் சுயமாக முடிவெடுப்பவர். பேங்குக்கும் கந்தோருக்கும் அலைய முடியாவிட்டால், நம்பிக்கையான ஒருவருக்கு நொத்தாரிசு மூலம் அற்றோணித் தத்துவம் (தன் சார்பில் காரியம் பார்க்க அதிகாரம் கொடுக்கும் பத்திரம்) எழுதிக் கொடுக்கலாம். யாருக்குக் கொடுப்பது என்பதை அவரே சொல்லட்டும்.