மொட் கிட் முந்தியா, காசு டிஎல்சி முந்தியா?

யாழ்ப்பாணத்தில் போனில் 'பஸ் சிமுலேட்டர் இந்தோனேசியா' ஓட்டும் பெடியளை எட்டிப் பாருங்கள். பெயரில்தான் இந்தோனேசியா. திரையில் ஓடுவது சிலவேளை லங்கா அசோக் லேலண்ட், நெற்றியில் 'பருத்தித்துறை' பலகையோடு. சொந்த வாகன மாடலைச் சேர்க்க அந்த கேமில் வழி இருப்பதால் வந்த வேலை இது. இப்படி ஆடுபவர்களே செய்து சேர்ப்பது மொட், அதைச் செய்ய கேம் நிறுவனம் கொடுக்கும் கருவிகள் மொட் கிட், நிறுவனமே பிறகு தனியாக வெளியிடும் கூடுதல் பகுதி டிஎல்சி. ஆனால் அதே பெடியள் சொந்தமாக கேம் செய்ய வெளிக்கிட்டால் முதல் கேள்வி, "மொட் கிட்டைக் கொடுத்தால் டிஎல்சியை ஆர் வாங்குவினம்?"

இந்தப் பயத்தில் டிஎல்சியை முந்த விடுவதுதான் பெரிய பிழை. நகரம் கட்டும் கேமான 'சிட்டீஸ்: ஸ்கைலைன்ஸ்' 2015 மார்ச்சில் வந்த அன்றே, கணினி கேம் விற்கும் ஸ்டீம் தளத்தில் மொட் பகிரும் இடமான ஸ்டீம் வேர்க்‌ஷொப்பில் மொட் போட முடிந்தது. முதல் பெரிய காசு டிஎல்சி செப்டெம்பரில்தான் வந்தது. அதற்குப் பிறகும் வருடக்கணக்கில் டிஎல்சி விற்றார்கள். மொட் செய்தவர்களுக்கே காசு கொடுத்துக் கட்டடங்கள் செய்வித்தும் விற்றார்கள். இரண்டாம் பாகம் 2023 ஒக்டோபரில் மொட் வசதி இல்லாமல் வந்தது. 2024 மார்ச் 25 அன்று மொட் வசதியின் பீட்டாவும் (சோதனைப் பதிப்பு), 10 டொலர் டிஎல்சியான 'பீச் புரொப்பர்டீஸ்' உம் ஒரே நாளில் வெளியாகின. சொந்தக் கட்டடம் சேர்க்கும் எடிட்டர் அப்போதும் இல்லை. கடற்கரை வீடு விற்றார்கள், கடற்கரையைக் காணவில்லை! திட்டு தாங்காமல் அடுத்த மாதம் மன்னிப்புக் கேட்டு, டிஎல்சியை இலவசமாக்கி, காசையும் திருப்பிக் கொடுக்க வேண்டி வந்தது.

எதை விற்பது என்பதிலும் பிழை விடுகிறார்கள். பஸ்ஸுக்கு நிறம், கண்ணாடியில் சாமிப் படம், பின்பக்க வசனம் எல்லாம் ஒரு பெடியன் ஒரு இரவில் செய்து இலவசமாகப் போட்டுவிடுவான். குறிகட்டுவான் வரைக்கும் முழு வீதி, கொண்டக்டரின் குரல், துறைமுகத்துச் சத்தம் என்று விற்றால் காசு கொடுக்க ஆள் இருக்கும்.

அதற்காக முதல் நாளே கிட்டை அள்ளிக் கொடுக்கவும் வேண்டாம். ஃபைல் அமைப்பு வாரத்துக்கு வாரம் மாறும் நேரத்தில் செய்த மொட் எல்லாம் உடையும், செய்தவரும் வெறுத்துப் போவார். 'ஸ்கைரிம்' 2011 நவம்பரில் வந்தது, கிட் 2012 பெப்ரவரியில், கணினிக்கான முதல் காசு டிஎல்சி ஓகஸ்டில். என் கணிப்பில் நல்ல இடைவெளி. 'ஸ்கைரிம்' செய்த அதே நிறுவனம் 'ஃபோல்அவுட் 4' இல் இரண்டு காசு டிஎல்சிகளை விட்ட பிறகுதான் கிட்டைக் கொடுத்தது.

அந்த 'ஃபோல்அவுட் 4' க்கே 2024 ஏப்ரலில் வந்த பெரிய அப்டேட்டால், ஏப்ரல் 23 அன்று வரவிருந்த 'ஃபோல்அவுட்: லண்டன்' மொட் ஜூலைக்குத் தள்ளிப்போனது. டிஎல்சிக்காக அப்டேட் போடும்போதும் இதே ஆபத்துத்தான். ஸ்டீமில் பழைய பதிப்பையும், வேண்டியவர் தெரிவு செய்து ஓட்டத் தனிக் கிளையாக விட்டுவைக்கலாம், செலவில்லை. அப்டேட் வரும் திகதியை மொட் செய்பவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

அப்புறம் உரிமம். காசுக்கு வாங்கிய அனிமேஷன் கருவியோ, ஒலிக் கருவியோ கிட்டுக்குள் இருந்தால் அதை வெளியே கொடுக்க அனுமதி இருக்கிறதா என்று கேம் தொடங்கும்போதே பாருங்கள். கடைசி மாதத்தில் பார்த்தால் டிஎல்சி தயாராக இருக்கும், கிட் மட்டும் முடங்கிக் கிடக்கும்.