காத்திருக்கும் சோதனைகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எங்கள் தலைமுறை செய்து திருந்திய தவறுகளையே புதியவர்களின் ஒருங்கிணைப்புச் சோதனைகளிலும் (மென்பொருளின் பல பகுதிகளைச் சேர்த்து ஓட்டிப் பார்ப்பவை) காண்கிறேன். விளைவு வரட்டும் என்று நிரலைச் சும்மா நிறுத்திவைக்கும் ஐந்து நொடி ஸ்லீப் போடக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும், அதை விட்டுவிடுகிறேன்.

‘நடக்கவில்லை’ என்பதற்காகக் காத்திருப்பது

நிரல்களுக்கிடையே செய்திகளைக் கடத்தும் காஃப்கா வழியாக ஒரே செய்தி இருமுறை வந்தாலும் ஒரு ரசீதுதான் உருவாக வேண்டும். சோதனை அதே செய்தியை இரண்டு முறை அனுப்பிவிட்டு, ரசீதுகளின் எண்ணிக்கை ஒன்று ஆகும்வரை காத்திருக்கிறது. முதல் செய்தி முடிந்ததுமே எண்ணிக்கை ஒன்று. பச்சை விழுந்துவிடுகிறது, அதாவது சோதனை தேறிவிடுகிறது. இரண்டாவது செய்தி அப்போது வரிசையிலேயே கிடக்கிறது.

நான் அறிந்த ஒரு குழுவில், இரட்டிப்பைத் தடுக்கும் வரியை ஒருவர் நிரலைச் சீரமைக்கும்போது நீக்கிவிட்டார். சோதனை பச்சையாகவே இருந்தது. வாடிக்கையாளர்களுக்கு இரண்டிரண்டு ரசீதுகள் போன பிறகுதான் விஷயம் தெரிந்தது. சோதனை இருக்கிறதே என்ற நம்பிக்கையில் யாரும் அந்தப் பகுதியைக் கையால் பார்க்கவில்லை. அதனால்தான் இந்த வடிவத்தைக் கண்டால் இன்றும் எரிச்சல் வருகிறது: சோதனையே இல்லாமல் இருந்திருந்தால் யாராவது பார்த்திருப்பார்கள்.

டைம்அவுட்டை, அதாவது காத்திருக்கும் உச்ச நேரத்தை, கூட்டிப் பயனில்லை. முதல் பார்வையிலேயே நிறைவேறும் நிபந்தனைக்கு 10 நொடியும் ஒன்றுதான், 60 நொடியும் ஒன்றுதான்.

அந்த இரண்டு செய்திகளுக்குப் பின் மூன்றாவதாக, வேறு ஆர்டர் எண்ணுடன் ஆனால் அதே கீயில் ஓர் அடையாளச் செய்தியை அனுப்புங்கள். ஒரே கீ கொண்ட செய்திகள் காஃப்காவின் ஒரே பார்ட்டிஷனுக்கு, அதாவது ஒரே உள்வரிசைக்குப் போகும்; அதற்குள் வரிசை மாறாது. அதன் விளைவு தெரியும்வரை காத்திருந்து, பிறகு எண்ணிக்கையைப் பாருங்கள். செய்திகளைப் பெறும் நிரல் அவற்றைப் இணையாக ஓடும் பல த்ரெட்டுகளுக்குப் பிரித்துக் கொடுத்தால் இந்த வழி செல்லாது. அங்கே நிபந்தனை குறிப்பிட்ட நேரம் முழுவதும் நிலைக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதற்கு ஜாவாவின் சோதனை நூலகமான அவெய்டிலிட்டியில் ட்யூரிங், கோ மொழியின் சோதனை நூலகமான கொமேகாவில் கன்சிஸ்டன்ட்லி. பின்னதன் இயல்பான கால அளவு 100 மில்லிநொடிதான், அதை அப்படியே விடாதீர்கள்.

எந்த வழியானாலும், தடுப்பு வரியை நீங்களே ஒருமுறை நீக்கிச் சோதனை சிவக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் நிரலைச் சேர்க்க வேண்டும்.

சார்புக்குப் பதில் விடையைக் கொடுப்பது

நிபந்தனை நிறைவேறும்வரை மீண்டும் மீண்டும் பார்க்கும் கொமேகாவின் ஈவென்ச்சுவலிக்குள் சார்பை (ஃபங்ஷனை) அழைத்து அதன் விடையைக் கொடுத்தால், அந்தப் பழைய விடையே திரும்பத் திரும்ப ஒப்பிடப்படும். அழைக்காமல் சார்பையே கொடுங்கள்.

‘நேரம் முடிந்தது’ என்று மட்டும் சொல்லித் தோற்பது

கடைசியாகக் கண்ட மதிப்பை அச்சிடுங்கள்.

செலினியத்தில் இம்ப்ளிசிட், எக்ஸ்ப்ளிசிட் காத்திருப்புகளைக் கலப்பது

செலினியம் உலாவியை இயக்கிச் சோதிக்கும் கருவி. அதில் எல்லாத் தேடல்களுக்கும் பொதுவாக வைப்பது இம்ப்ளிசிட், ஒரு நிபந்தனைக்கென வைப்பது எக்ஸ்ப்ளிசிட். இரண்டையும் கலக்க வேண்டாம். அதன் ஆவணமே எச்சரிக்கிறது.