காமாலை கண்டால் முதலில் செய்ய வேண்டியவை

கெடிலமும் தென்பெண்ணையும் கரை புரண்டு வெள்ளம் வடிந்த பிறகு, கடலூர்ப் பகுதியில் எல்லோரும் அஞ்சுவது வயிற்றுப்போக்குக்குத்தான். ஆனால் கழிவு கலந்த குடிநீரின் வழியே உடலில் புகுந்து, கல்லீரலைத் தாக்கிக் காமாலையை உண்டாக்கும் ஹெபடைடிஸ் ஏ, ஈ வைரஸ்கள் நோயாக வெளிப்பட இரண்டு முதல் பத்து வாரங்கள் வரை ஆகலாம் என்பதால், ஃபெஞ்சல் புயலைப் போல கார்த்திகையில் வரும் வெள்ளத்தின் காமாலை பொங்கல் கழிந்த பின்னும் தலைகாட்டக்கூடும்.

பசியின்மை, குமட்டல், மிகுந்த அசதி ஆகியவை முதலில் வரும். அப்போதே கண்ணைப் பார்த்துவிடுவது நல்லது. டியூப்லைட் வெளிச்சத்தை நம்பாமல், பகலில் வாசலுக்கு அழைத்து வந்து, கீழே பார்க்கச் சொல்லி மேல் இமையை மெல்லத் தூக்கினால் வெண்விழியின் மஞ்சள் தெளிவாகத் தெரியும். பப்பாளியும் கேரட்டும் மிகுதியாக உண்பவர்களுக்கு உள்ளங்கை மஞ்சளாகலாம், வெண்விழி மஞ்சளாகாது. சிறுநீர் பால் கலக்காத தேநீரின் நிறத்தில் போகிறதா, மலம் வெளிறியிருக்கிறதா என்பதையும் தயங்காமல் கேட்டு, மருத்துவரிடம் சொல்ல வேண்டும். மலம் வெளிறி, உடம்பெல்லாம் அரிப்பும் இருந்தால் பித்தநாளத்தில் கல்லோ கட்டியோ அடைத்திருக்கலாம்.

காமாலை என்பது பல நோய்களுக்குப் பொதுவான அறிகுறி. வைரஸ், குடி, பித்தக்கல், காசநோய் மாத்திரைகள் என எதனாலும் அது வரலாம். வெள்ளநீரில் நடந்தவருக்குக் கடுங்காய்ச்சலும், கெண்டைக்கால் சதையில் தாங்க முடியாத வலியும், கண் சிவப்பும் சேர்ந்திருந்தால் அது எலிக்காய்ச்சலாக இருக்கலாம். ஆன்டிபயாடிக் கொடுத்தால் குணமாகும் இந்நோயில் தாமதம் சிறுநீரகத்தையே கெடுத்துவிடும். ஆகவே, காரணத்தை அறியாமல் மருந்து கொடுப்பதில் பொருளில்லை. அருகிலுள்ள அரசு மருத்துவமனையில் பிலிருபின் (கண்ணை மஞ்சளாக்கும் பித்த நிறமி), கல்லீரல் நொதிகள், ரத்தம் உறையும் நேரம் ஆகியவற்றைப் பார்த்து, தேவைப்பட்டால் வயிற்று ஸ்கேனும் எடுத்துவிடலாம். நிலைமை சிக்கலானால் புதுச்சேரி கோரிமேட்டில் உள்ள ஜிப்மர் மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். பிலிருபின் எண்ணை மட்டும் பார்த்துப் பலர் கலங்குகிறார்கள். கல்லீரல் எந்த அளவுக்குத் தளர்ந்திருக்கிறது என்பதை ரத்தம் உறையும் நேரமே நன்கு காட்டும்.

நம் ஊர்களில் கையில் சூடு போடுவதும், மூக்கிலும் கண்ணிலும் பச்சிலைச் சாறு விடுவதும் இன்னும் நின்றபாடில்லை. சூட்டினால் புண்தான் மிஞ்சும். ஹெபடைடிஸ் ஏ பெரும்பாலும் தானாகவே குணமாவதால், குணமான பெருமை சூட்டுக்கோலுக்குப் போய்ச் சேர்கிறது. கீழாநெல்லியை நம்புகிறவர்களிடம் நான் சண்டைக்குப் போவதில்லை. ஆனால் அதைக் கொடுத்துவிட்டு ஒரு வாரம் காத்திருப்பதும், என்ன கலந்தது என்று தெரியாத சூரணங்களை விழுங்குவதும் பெருங்கேடு.

உப்பில்லாப் பத்தியமும் தேவையில்லை. இட்லி, பருப்புச் சாதம், மோர், முட்டை என நோயாளிக்குப் பிடித்ததைச் சிறிது சிறிதாகக் கொடுக்கலாம். மதுவை அறவே விட வேண்டும். பாராசிட்டமாலைக்கூட மருத்துவரைக் கேட்காமல் கொடுக்கக் கூடாது. வீட்டில் உள்ள அனைவரும் தண்ணீரைத் தளதளவென்று கொதிக்க வைத்து ஆற்றிக் குடிக்க வேண்டும். கழிப்பறைக்குப் போய் வந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். கடைகளில் ஐஸ் போட்ட பழச்சாற்றைத் தவிர்க்க வேண்டும்.

நோயாளி பகலில் தூங்கி இரவில் விழித்திருந்தாலோ, பேச்சு குழறினாலோ, ஈறில் ரத்தம் கசிந்தாலோ, வாந்தி நிற்காமல் போனாலோ, விடியும்வரை காத்திராமல் 108ஐ அழைக்க வேண்டும். கர்ப்பிணிக்குக் காமாலை வந்தால் இந்த அறிகுறிகளுக்காகவும் காத்திருக்கக் கூடாது. கடைசி மூன்று மாதங்களில் ஹெபடைடிஸ் ஈ தாக்கினால் நூற்றுக்கு 20 முதல் 25 பேர் வரை உயிரிழக்கக்கூடும் என்பதால், கண்ணில் மஞ்சள் தெரிந்த அன்றே அவரை மருத்துவமனையில் சேர்த்துவிட வேண்டும்.