சொத்தைப் பல்: அடைத்தால் போதுமா, ரூட் கேனால் வேண்டுமா?

சொத்தைப் பல்லை அடைத்தால் போதுமா, இல்லை உள்ளே கெட்ட நரம்பை எடுத்துவிட்டு வேர்க்குழாயைச் சுத்தம் செய்து அடைக்கிற ரூட் கேனால் வேண்டுமா என்பதை, ஓட்டை எவ்வளவு பெரிது என்பதை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது. சொத்தை பல்லுக்குள் இருக்கும் நரம்பு வரை போய்விட்டதா, போயிருந்தால் அந்த நரம்பு இனி தேறுமா என்பதுதான் கேள்வி. வெளியே கறுப்புப் புள்ளியாகத் தெரிவது உள்ளே நன்றாகக் குடைந்திருக்கலாம்.

முதலில் வலியைக் கவனியுங்கள். ஜில்லென்று தண்ணீர் குடித்தாலோ இனிப்பு தின்றாலோ சுருக்கென்று இழுத்துச் சில நொடிகளில் அடங்கிவிட்டால், பெரும்பாலும் அடைத்தாலே போதும். தண்ணீர் உள்ளே போன பிறகும் நிமிடக்கணக்கில் விண்விண்ணென்று தெறிக்கிறது, ஒன்றும் சாப்பிடாமலே தானாக வருகிறது, ராத்திரி படுத்ததும் காது வரை ஏறித் தூக்கத்தைக் கெடுக்கிறது, சூடான காபி பட்டால் உயிர் போகிறது என்றால் நரம்பு கெட்டுவிட்டது என்றுதான் நினைக்க வேண்டும். அதை விட்டுவிட்டு மேலே அடைத்துப் பயனில்லை.

நிறையப் பேர் ஏமாறுவது இங்கேதான்: பாடாய்ப்படுத்திய பல் திடீரென்று அமைதியானதும் சரியாகிவிட்டது என்று விட்டுவிடுகிறார்கள். உள்ளே நரம்பு செத்துப்போயிருக்கலாம். அப்புறம் கடித்தால் வலிக்கும், ஈறில் சீழ்க்கொப்புளம் வரும். ஆன்டிபயாடிக் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டே இருந்தாலும் சொத்தை அப்படியேதான் இருக்கும்.

டாக்டரிடம் போனால் வேர் நுனி வரை தெரிகிற எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்கள். ஆனால் நரம்புக்கு உயிர் இருக்கிறதா என்று எக்ஸ்ரே காட்டாது. அதற்குப் பல்லில் குளிர் வைத்து, பக்கத்துப் பல்லோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும், தட்டியும் பார்க்க வேண்டும். இதெல்லாம் செய்யாமலே ரூட் கேனால் என்று சொன்னால் ஏன் என்று தாராளமாகக் கேளுங்கள்.

சொத்தை ஆழம், ஆனால் நரம்பு நன்றாக இருக்கிறது என்றால் முழுவதையும் சுரண்டாமல், நரம்புக்கு மேலே மெல்லிய அடுக்கை விட்டு, மருந்து வைத்து அடைக்கிற முறை உண்டு. பின்னால் வலி வந்து ரூட் கேனாலுக்குப் போக வேண்டியும் வரலாம், இருந்தாலும் உயிருள்ள பல்லைக் காப்பாற்றிப் பார்ப்பதுதான் நல்லது என்பேன். கடைவாய்ப்பல்லில் ரூட் கேனால் செய்தால் பெரும்பாலும் பல்லுக்கு மேலே கேப் (உறை) போட வேண்டியிருக்கும், செலவைக் கேட்கும்போது அதையும் சேர்த்துக் கேளுங்கள்.

முகம் வீங்கி, காய்ச்சலோடு வாய் திறக்கவோ விழுங்கவோ முடியவில்லை என்றால் மட்டும் யோசித்துக்கொண்டிருக்காதீர்கள், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.